30 மில்லிக்யூரியும் ஒரு பல்செட்டும்

கதிரியக்க மருந்தைக் கொடுத்துப் படம் எடுக்கும் நியூக்ளியர் மெடிசினில் சேர்ந்த புதிதில் இந்தக் கணக்கு மட்டும் எனக்குச் செரிக்கவே இல்லை. நுரையீரலில் காற்று எங்கெல்லாம் போகிறது என்று பார்க்கும் வென்டிலேஷன் ஸ்கேனுக்கு, 30 மில்லிக்யூரி (கதிரியக்கத்தின் அளவு) டெக்னீசியம் டிடிபிஏ என்ற மருந்தை, அதைப் புகையாக்கும் நெபுலைசரில் ஏற்றுவோம். நோயாளியின் நுரையீரலில் போய்த் தங்குவது அதில் ஒரு மில்லிக்யூரி, சில நாள் அரை மில்லிக்யூரி. மிச்சமெல்லாம் நெபுலைசரின் சுவரில் ஒட்டும், குழாயில் நிற்கும், வெளிமூச்சோடு போய் ஃபில்டரில் மாட்டும். சமையலில் இப்படி வீணடித்தால் அம்மா கரண்டியைத் தூக்கியிருப்பார்.

ஆக்சிஜனை நிமிடத்துக்கு 8, 10 லிட்டர் என்று திறந்துவிட்டால் மருந்து பனிப்புகை மாதிரி ஆகிறது. பெரிய துளிகள் தொண்டையிலும் பெரிய மூச்சுக்குழாயிலுமே மோதி உட்கார்ந்துவிடும். காற்றுப்பை வரை போவது பொடிசுகள்தான். ஆள் பயந்து வெடுக் வெடுக்கென்று இழுத்தால் அந்தப் பொடிசுகளும் வழியிலேயே மோதி நின்றுவிடும். மூச்சுக்குழாய் நாள்பட அடைபட்ட சிஓபிடி நோயாளிகளுக்குச் சொல்லவே வேண்டாம். படத்தில் நடுநெஞ்சில் பளிச்சென்று இரண்டு திட்டு, சுற்றிலும் இருட்டு.

ஆகவே எங்கே நஷ்டமென்றாலும் மெஷினையே குறை சொல்லிப் பழகியிருந்தேன். ஒரு பாட்டி வரும்வரை.

கால் வீங்கி, மூச்சு வாங்கியது. நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று சந்தேகம். சிறுநீரகம் சரியில்லை என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்ததால், சாய மருந்து போட்டு எடுக்கும் சிடி ஆஞ்சியோவைத் தவிர்த்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். மூக்கில் கிளிப் போட்டு மவுத்பீஸைக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் ஆகியும் திரையில் நுரையீரலின் கவுண்ட்ஸ் (கேமரா எண்ணும் கதிர்கள்) ஏறவில்லை. வாயும் இரைப்பையும்தான் மினுங்கின. ஆக்சிஜனைக் கூட்டலாமா என்று கையைக் கொண்டுபோனபோதுதான் கவனித்தேன்: கடைவாயோரம் 'புஸ்' என்று சன்னமான சத்தம், எச்சில் நுரை.

நிறுத்திவிட்டு, "பாட்டி, உதட்டை நல்லா இறுக்கிப் பிடிங்க" என்றேன்.

"பல்லைக் கழட்டி வைக்கச் சொன்னது நீதானே தம்பி? வெறும் ஈறுல எதை இறுக்குறது?"

சொன்னது நான்தான். எம்ஆர்ஐ பக்கம் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். மருமகள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த பல்செட்டை வாங்கிக் கொடுத்தேன். வாயைக் கொப்பளிக்கவைத்து, மருந்தில்லாத மவுத்பீஸில் நாலு மூச்சு ஒத்திகை பார்த்தோம். பிறகு நெபுலைசரில் மிச்சமிருந்த அதே மருந்தையே தொடர்ந்தோம். கவுண்ட்ஸ் ஏறியது, மூன்று நிமிடத்தில் போதுமானது வந்துவிட்டது. அதற்கு மேல் ஏற்றினாலும் வம்புதான், அடுத்து நுரையீரலின் ரத்த ஓட்டம் பார்க்க ஊசியில் போடும் எம்ஏஏ மருந்தின் படத்தை இது மறைத்துவிடும். அந்தப் படத்தின் கவுண்ட்ஸ் இதைப்போல் மூன்று நாலு மடங்கு இருக்க வேண்டும்.

இந்தப் பனிப்புகைக்கு மாற்றாக ஆஸ்திரேலியாவில் 1980-களிலேயே டெக்னிகாஸ் கண்டுபிடித்துவிட்டார்கள். டெக்னீசியம் வைத்த கார்பன் கிண்ணத்தை 2500 டிகிரிக்கு மேல் சூடாக்கி வரும் நுண்துகள். நாலைந்து மூச்சில் காரியம் முடியும். அந்த மெஷின் எங்களிடம் இல்லை. அன்றிலிருந்து ஒத்திகை மட்டும் தவறுவதில்லை, பல்செட்டைக் கழற்றச் சொல்வதுமில்லை.

எல்லாம் முடிந்து, கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சர்வே மீட்டரைக் காட்டினால் பாட்டியின் வாயருகே கடகடவென்றது. பல்செட்! கழற்றிக் கழுவி, மறுபடி கழுவி, சத்தம் அடங்கும்வரை நின்றேன். பாட்டி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு இட்லி சாப்பிடலாமா தம்பி?"