ஃப்ளாட்டா இருக்கு தம்பின்னு சொல்லிட்டேன்

போன வருஷம் ஒரு பையன், எங்க ஊர்ப்பக்கம்தான், வீட்லயே ஒரு ரூம்ல சின்னதா ஸ்டுடியோ போட்டிருக்கான், ஒரு பொண்ணோட போர்ட்ரெய்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி "எப்படிண்ணா இருக்கு, ஓப்பனா சொல்லுங்க"ன்னு கேட்டான். ஓப்பனா சொல்லுன்னு கேட்டா நாம விடுவோமா. லைட்டிங் ஃப்ளாட், முகத்துல நிழலே இல்ல, மூக்கு பெருசா தெரியுது, தலைமுடி கருப்பு ஸ்க்ரீனோட ஒட்டிப்போச்சு, ஸ்கின்னை போட்டு வழிச்சு பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆக்கிட்ட, மொத்தமா மஞ்சள் அடிக்குதுன்னு வரிசையா தட்டிவிட்டேன். எல்லாமே உண்மைதான், ஒன்னும் பொய் கிடையாது. ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. "ஓகேண்ணா தேங்க்ஸ்." அதோட சரி, நாலு மாசம் அவன்கிட்ட இருந்து ஒரு படம் வரல, குட்மார்னிங் ஃபார்வேர்டு மட்டும் தவறாம வந்துச்சு.

இத்தனைக்கும் நான் தொழில் கத்துக்கிட்ட இடத்துல யாரும் என்கிட்ட அப்படி பேசினதில்ல. திருநெல்வேலில ஒரு பழைய ஸ்டுடியோ, அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம், ஃபிலிம் காலத்துல நெகட்டிவ் மேலயே பென்சிலால டச்சிங் பண்ணின ஆளு. நான் சேர்ந்து ஆறாவது மாசம் எங்க அத்தைக்கு ரிட்டயர்மென்ட், அதுக்கு ஒரு போட்டோ எடுத்து, நானே கரெக்ஷன் பண்ணி, பிரின்ட் போட்டு பெருமையா கொண்டுபோய் அவர் முன்னாடி வச்சேன். பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ரெண்டு கையாலயும் படத்தை மேலயும் கீழயும் மறைச்சு, கண்ணு இருக்கற பட்டையை மட்டும் காட்டி, "ஏல, கண்ணுக்குள்ள லைட்டக் காணலியே"ன்னாரு.

எனக்கு முதல்ல புரியல. விளக்கமெல்லாம் சொல்லல அவரு, என்னை அதே ஸ்டூல்ல உக்கார வச்சு கையில ஒரு கண்ணாடியைக் குடுத்துட்டு, சாஃப்ட்பாக்ஸ் (லைட்டுக்கு முன்னாடி மாட்டற வெள்ளைத் துணிப் பெட்டி) ஸ்டாண்டை மெதுவா மேல ஏத்துனாரு. கண்ணோட கருப்புல மேல்பக்கமா ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் தெரிஞ்சுது, ஸ்டாண்டு ஏற ஏற அதுவும் மேல ஏறிப்போய் இமைக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு, அந்த நிமிஷமே ரெண்டு கண்ணும் குழிக்குள்ள போன மாதிரி செத்துப்போச்சு. "இங்கதாம்ல நீ வச்சிருக்க"ன்னாரு. கொஞ்சம் இறக்குனாரு, வெள்ளைக் கட்டம் திரும்ப வந்துச்சு. மடியில ஒரு தெர்மாகோல் துண்டை வச்சாரு, வெளிச்சம் அதுல பட்டு மேல திரும்பி கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பு பாதி போச்சு. மொத்தமே அஞ்சு நிமிஷம் இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை ஏல ஏலன்னாலும் திட்டு வாங்கின மாதிரியே தோணல.

அடுத்து சொன்னதுலதான் எனக்கு சுருக்குன்னு வந்துச்சு. "இது ஒங்க அத்தையா, அத்தைக்குத் தங்கச்சியா?" அத்தை மாநிறத்துக்கும் கொஞ்சம் கம்மி, நான் ரெண்டு ஷேடு ஏத்தி வச்சிருந்தேன். கஸ்டமர் எல்லாரும் கொஞ்சம் கலரா போடுங்கன்னுதானே கேக்கறாங்க, நம்ம ஊர்ல கலர்னாலே வெள்ளைதான். (இது நம்மூர் வியாதி மட்டும் இல்ல, கோடாக் காலத்துல லேப்ல பிரின்ட் கலர் சரி பாக்கறதுக்கு ஷெர்லி கார்டுன்னு ஒன்னு வச்சிருப்பாங்க, அதுல ரொம்ப வருஷத்துக்கு வெள்ளைக்காரப் பொண்ணு படம்தான். சரியான ஸ்கின்னுக்கு அதுதான் அளவுகோல்.) நான் ஒத்துக்கல, அவர் பழைய ஆளு, இவருக்கு என்ன தெரியும்னு ரெண்டு நாள் மனசுக்குள்ளயே சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். மூணாவது நாள் அத்தைகிட்டயே பிரின்ட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நல்லா பாத்துட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா என் நெத்தித் தழும்பு எங்க? ஏழு வயசுல கிணத்தடில விழுந்தது, அது இல்லாம இது யாரோ டீச்சர் மாதிரி இருக்கு"ன்னுச்சு. அதுக்கு மேல நான் என்ன வாதாட முடியும். சும்மா வர்ற பருவை எடுக்கலாம், வருஷக்கணக்கா கூடவே இருக்கற மச்சத்தையும் தழும்பையும் கேக்காம தொடக்கூடாதுங்கறது எனக்கு அங்க ஏறினதுதான், இன்னிக்கு வரைக்கும் இறங்கல.

சரி, அந்தப் பையன் கதைக்கு வர்றேன். தை மாசம் ஒரு கல்யாண வேலையா அந்தப் பக்கம் போனப்போ அவன் வீட்டுக்குப் போனேன். ரூமைப் பாத்ததும் எனக்கே வெக்கமாப் போச்சு. பத்துக்கு எட்டு அடி, நாலு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு, தாழ்வான சீலிங், ஒரே ஒரு ஃப்ளாஷ், வெளிச்சத்தைப் பரப்ப ஒரு குடை. நான் ஃப்ளாட்டுன்னு சொன்னேனே, அவன் எந்தப் பக்கம் லைட் வச்சாலும் எதிர்ச் சுவர்ல பட்டுத் திரும்பி வந்து நிழலை மொத்தமா கழுவிருது, அவன் என்ன பண்ணுவான். மூக்கு பெருசுன்னேன், பின்னாடி நகர இடம் இல்லாம மூணு அடில நின்னு எடுத்திருக்கான், அவ்வளவு கிட்டப் போனா எந்த லென்ஸ் போட்டாலும் மூக்கு முன்னாடி வரத்தான் செய்யும். நான் சொன்ன அஞ்சுல மூணு குத்தம் ரூமோடது.

உக்காந்து நோண்டினோம். நிழல் பக்கத்துச் சுவரை மறைச்சு கருப்பா எதையாச்சும் தொங்கவிடுன்னேன். லைட்டை மேல ஏத்த சீலிங் விடல, அப்போ ஆளை இறக்குன்னு குட்டி முக்காலில உக்கார வச்சோம். கதவைத் திறந்து ஹால்ல நின்னு எடுக்கச் சொன்னேன், ஏழு அடி கிடைச்சுது. கருப்பு ஸ்க்ரீனைக் கழட்டிட்டு வெறும் சுவர் முன்னாடியே எடுத்துப் பாத்தோம், லைட்டுல இருந்து முகம் 3 அடி, சுவர் 6 அடின்னா சுவருக்குப் போற வெளிச்சம் முகத்துல விழறதுல கால்வாசிதான், அந்த வெள்ளைச் சுவரே அழகா சாம்பலா விழுந்து முடி தனியா நின்னுச்சு. ஸ்கின் வழிச்சதைப் பத்தி மட்டும் நான் வாயைத் திறக்கல. அந்தப் பொண்ணு படத்தைப் பாத்துட்டு என்ன சொல்லுச்சுன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு "வாங்கிட்டுப் போச்சுண்ணா, ஆனா டிபியா வைக்கல"ன்னான்.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு வயசான தாத்தா, ஒரு பக்கக் கன்னத்துல நல்ல நிழல், கண்ணுக்குள்ள குடை வட்டமா தெரியுது, முகச்சுருக்கம் அத்தனையும் அப்படியே இருக்கு. காது கொஞ்சம் ஃபோகஸ் இல்லாம மங்கலா இருந்துச்சு, டைப் பண்ணப் போய் அழிச்சுட்டு, "இடது பக்கம் என்னடா மாட்டியிருக்க, நிழல் இவ்ளோ நல்லா விழுது"ன்னு கேட்டேன்.

"அம்மாவோட கருப்புப் புடவைண்ணா. எப்படா திருப்பித் தருவேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."