கழல மறுத்த ஐந்தாவது நட்

பட்டறையில் சக்கரப் பிரிவைக் கவனித்துக்கொண்ட ஆண்டுகளில், நட் தளர்ந்து வந்த வண்டிகளைவிட நட் கழல மறுத்து வந்த வண்டிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று எங்களிடமே டயர் மாற்றிச் சென்ற கார். சில மாதங்கள் கழித்து, இரவு நேரத்தில் வழியில் பஞ்சராகி ஸ்டெப்னி மாட்ட முயன்ற உரிமையாளர், வண்டியோடு வந்த ஸ்பானரின்மேல் ஏறி நின்று மிதித்தும் ஒரு நட்கூட அசையவில்லை என்றார். அவர் சத்தம் போடவில்லை. தோல் உரிந்திருந்த உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

பெரும்பாலான கார்களின் வீல் நட்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 140 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டிலேயே இருக்கிறது. நட்டை முடுக்கும், காற்றில் இயங்கும் இம்பாக்ட் கன் சில நொடிகளில் 400-ஐயும் தாண்டிவிடக்கூடியது. அளவு மீறினால், நட் ஏறும் மரையிட்ட தண்டான ஸ்டட் பழைய நிலைக்குத் திரும்ப முடியாதபடி நீண்டு, மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. இறுகியிருந்தால் பத்திரம் என்ற எண்ணம்தான் எங்கள் தொழிலில் வேரோடியிருக்கும் தவறு என்று நினைக்கிறேன்.

துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, நீண்ட கைப்பிடி போட்டுத் திருப்பியதில் நான்கு நட்டுகள் முனகியபடி கழன்றன. ஐந்தாவதன் மேலிருந்த மெல்லிய எஃகு உறை உப்பியிருந்ததால் 19 மில்லிமீட்டர் சாக்கெட் உள்ளே இறங்கவில்லை. அதற்கடுத்த அளவோ வழுக்கி, முனைகளை மழுக்கிவிட்டது. கடைசியில் உள்ளே திருகு வெட்டுள்ள சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித்தான் கழற்ற முடிந்தது. ஆனால் அந்த சாக்கெட்டின் விளிம்பு அலாய் வீலின் துளையோரத்தைப் பிறை வடிவில் செதுக்கி, பெயின்டுக்கு அடியிலிருந்த அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. நட் அமரும் கூம்புப் பரப்பிலும் கீறல் விழுந்திருந்தது.

“அண்ணே, சில்வர் பெயின்ட் தொட்டு வச்சா தெரியாது” என்றான் உடனிருந்த இளைஞன். அவன் கெட்டவன் அல்லன், வேலை போய்விடுமோ என்று பயந்தான். ஆயினும் அந்தப் பரப்பு சிதைந்தால் நட் சமமாக அமராது. பின்னால் தளர்ந்துவிடவும் கூடும். உரிமையாளரை அழைத்துக் கீறலைக் காட்டி, இறுக்கியதும் நாங்கள், கீறியதும் நாங்கள் என்று சொன்னேன். வீலும் ஐந்து ஸ்டட்டுகளும் பட்டறைச் செலவிலேயே மாற்றப்பட்டன.

அதன் பிறகு எங்கள் பிரிவில் நட்டைக் கையால் மரையில் ஏற்றி, கன்னை அது படியும்வரை மட்டுமே பயன்படுத்தினோம். வண்டியை இறக்கி, டயர் தரையில் பட்ட நிலையில், எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடித்தோம். அளவை வேலை அட்டையில் எழுதினோம். மரையில் எண்ணெய் பூசும் பழக்கத்தையும் நிறுத்தினோம், ஏனெனில் ரெஞ்ச் அதே அளவைக் காட்டினாலும் எண்ணெய் பட்ட ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

அந்தக் காரை ஒப்படைத்தபோது, அவருடைய ஸ்பானரையே அவர் கையில் கொடுத்து ஒரு நட்டைத் தளர்த்தச் சொன்னேன். கட்டுப் போட்டிருந்த கையைத் தவிர்த்து மறுகையால் அழுத்தினார். டக்கென்ற ஓசையுடன் அது விட்டுக்கொடுத்தது. நான் டார்க் ரெஞ்சை எடுத்து அதை மீண்டும் இறுக்கினேன்.