சிவப்பு மை

மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் சுழிப்பது என் வழக்கம். அவளுக்கும் சுழித்தேன். ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி. நான்காம் நாள் வந்தவளைக் காரணம் கேட்டேன்.

"தம்பிக்குக் காய்ச்சல் சார். அம்மா லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் இல்ல."

அதற்கு மேல் என்ன கேட்பது? அப்பா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். மூன்று பிள்ளைகள், ஒருத்தியின் நாள்கூலி. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் லீவு போடுவது மூத்தவளான அவள்தான். அவள் லீவுக்குத்தான் யாரும் கூலியைப் பிடிப்பதில்லை.

சேர்க்கைப் படிவத்தில் வருமானத்துக்கு ஒரு கட்டம் உண்டு. எத்தனையாவது பிள்ளை, பகலில் வீட்டில் பெரியவர்கள் யார் என்று கேட்க இடமில்லை. ஏறக்குறைய அதே வருமானம் எழுதியிருந்த இன்னொரு பையன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவன் வீட்டில் பாட்டி இருந்தார்.

நார்வேயின் மக்கள் பதிவேடுகளை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வைப் பின்னாளில் படித்தேன். எத்தனை பிள்ளைகள் என்பதைவிட எத்தனையாவது பிள்ளை என்பதுதான் படிப்பைத் தீர்மானிக்கிறதாம். பின்னால் பிறந்தவர்கள் குறைவாகப் படிக்கிறார்களாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் வகுப்பில் எல்லாம் தலைகீழ். மூத்தது படிப்பை விட்டு வேலைக்குப் போகும். அந்தச் சம்பளத்தில் கடைக்குட்டி கல்லூரி வரை போகும். பிரேசிலிலும் தலைப்பிள்ளைதான் அதிகம் வேலைக்குப் போகிறது என்று வேறோர் ஆய்வில் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வசதியான வீட்டில் தலைப்பிள்ளைக்குப் பெற்றோரின் முழு நேரமும் கிடைக்கிறது. இல்லாத வீட்டில் அவர்களுடைய பாதி வேலை வந்து சேர்கிறது.

மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய உதவித்திட்டத்தில் பணத்தைத் தாயின் கையில் கொடுத்தார்கள். பிள்ளை 85 சதவீத நாட்களாவது பள்ளிக்கு வரவேண்டும். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும். தொடக்கப்பள்ளி தாண்டிய பெண்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். வளர்ந்த பிள்ளையின் உழைப்பு வீட்டுக்கு என்ன பெறும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். நானோ சுழித்துக்கொண்டிருந்தேன்.

பத்தோடு அவள் நின்றுவிட்டாள். சில வருஷம் கழித்து அந்தத் தம்பி என் வகுப்புக்கே வந்தான். பதிவேட்டில் அவன் வரியில் ஒரு விடுப்புகூட இல்லை.

"உனக்குக் காய்ச்சலே வராதாடா?"

"வரும் சார். அக்கா லீவு போட விடமாட்டா."