வேதாரண்யத்து உப்பளப் படத்துக்கு நிதி வாங்கிய கதை

வெளிநாட்டு நிதி கிடைத்தது என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு?" என்றுதான். தொகை பெரிதில்லை. ஆனால் அதை வாங்கி முடிப்பதற்குள் இருந்த வேலைகளை எழுதி வைத்தால் அடுத்து விண்ணப்பிக்கிற யாருக்காவது உதவும்.

படம் வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணப்படம். இயக்குநர் அந்த ஊர்ப் பையன், அவன் அம்மா இன்றைக்கும் உப்பு வாரப் போகிறார். நான் தயாரிப்பாளர், சாலிகிராமத்தில் ஒரு சின்ன எடிட் அறை வைத்திருக்கிறேன், அவனுக்கு நான் அக்கா மாதிரி, எனக்கு அவன் தம்பி மாதிரி.

எங்கே கேட்பது என்று முதலில் தேடினோம். ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா ஆவணப்பட விழாவைச் சேர்ந்த இட்ஃபா பெர்த்தா நிதி, 1998-இல் யான் ஃப்ரைமன் நிதி என்ற பெயரில் தொடங்கியது, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் ஆவணப்படங்களுக்கென்றே இருக்கிறது. தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவின் ஆசிய சினிமா நிதியிலும் ஆவணப்படத்துக்கு இடம் உண்டு. நம் நாட்டுக்குள் கொல்கத்தாவில் டாக்எட்ஜ் என்று ஒரு பிட்ச் மேடை, அதாவது நிதி தருகிறவர்கள் முன்னால் படத் திட்டத்தைச் சொல்லும் இடம், பெங்களூரில் கலைகளுக்கு நிதி தரும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். பெங்களூர்க்காரர்களுக்கு விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியவே இல்லை. எங்களுக்குப் பணம் கொடுத்தது இவற்றில் எதுவும் இல்லை, வேறொரு நிதி. கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

படிவம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வரியில் கதை, சுருக்கம், எப்படிப் படம் பிடிக்கப் போகிறீர்கள், கால அட்டவணை, பட்ஜெட், மீதிப் பணம் எங்கிருந்து வரும், யார் பார்ப்பார்கள், மாதிரி வீடியோ. அப்புறம் இப்போதெல்லாம் தவறாமல் கேட்கிறார்கள், இந்த மக்களோடு உங்களுக்கு என்ன உறவு என்று. தம்பி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான்: "அத்தை, சித்தப்பா எல்லாரும் அங்கதான் பாத்தி மிதிக்கிறாங்க, வேற என்னக்கா சொல்ல?" அதை அப்படியே போட்டோம். மற்ற கேள்விகளுக்கும் அவன் பேசப் பேச நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நான் எழுதிக் கொடுக்காமல் அவனுக்கு இந்த நிதி கிடைத்திருக்காது, இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் ஆசியா முழுக்கவே குறைவாகப் பேசப்படும் பகுதி, மும்பையிலிருந்து பார்த்தால் தமிழ்நாடு, ஆனால் வேதாரண்யத்துப் பையனுக்குச் சென்னையே எட்டாத தூரம். இப்படிக் குறைவாகப் பேசப்படும் பகுதிகளுக்கென்று ஒதுக்கும் பணம் கடைசியில் நன்றாக ஆங்கிலம் எழுதுகிற சென்னைக்காரர், பெங்களூர்க்காரர் கையில்தான் போய் நிற்கிறது. விண்ணப்பம் எழுதவே ஒரு ஆளைக் கூலி கொடுத்து அனுப்புகிற நிதி ஏதாவது இருந்தால் அதுதான் உண்மையான உதவி என்பேன்.

ஜூம் நேர்காணலில் உப்பு என்றதும் நிதிக்காரர்களுக்கு காந்தியும் தண்டியும்தான் தெரிந்தது. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து வேதாரண்யத்தில் உப்பு எடுத்ததை நான் சொன்னேன், உடனே அதிலிருந்தே படத்தைத் தொடங்கலாமே என்றார் ஒருவர். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த உப்புப் போராட்டத்தின் நினைவுத்தூணைக் காட்டிவிட்டால் அதற்குப் பக்கத்திலேயே கூலிக்கு உப்பு வாருகிறவர்கள் பின்னால் போய்விடுவார்கள் என்றான். நல்லவேளை, அதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை.

பட்ஜெட்டில் உங்கள் சம்பளத்தை எழுதுங்கள். எழுதாமல் விட்டால் தியாகி என்று நினைக்க மாட்டார்கள், கணக்குப் போடத் தெரியாத ஆள் என்றுதான் நினைப்பார்கள். பேட்டா, வண்டி, ஃபுட்டேஜை இரண்டு பிரதி எடுத்து வைக்க ஹார்ட் டிரைவ், சப்டைட்டில், ஆடிட்டர் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும்.

தேர்வான பிறகுதான் பெரிய தலைவலி. வெளிநாட்டிலிருந்து நன்கொடையாகப் பணம் வந்தால் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தைத் தில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வாங்க வேண்டும், இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. அதனால் ஒரு தொண்டு நிறுவனம் வாங்கி நமக்குத் தரும் பழைய வழி அடைபட்டுவிட்டது. எங்கள் ஆடிட்டர் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார், நன்கொடையாக இல்லாமல், நாங்கள் செய்யும் தயாரிப்பு வேலைக்கு எங்கள் கம்பெனிக்குத் தரும் கட்டணமாகத்தான் அந்தப் பணம் உண்மையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொன்னார். உங்கள் ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கலாம், கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். பணம் வந்ததும் வங்கியில் என்ன வகைப் பணம் என்று குறியீடு கேட்பார்கள், படத் தயாரிப்புச் சேவைக்கு பி1101. எங்கள் கிளையில் அது யாருக்கும் தெரியாமல் பணம் பல நாள் நடுவிலேயே நின்றது.

அதற்குள் உப்புக் காலம் தொடங்கிவிட்டது. பொங்கலுக்குப் பிறகு பாத்தி சீர்செய்தால் ஐப்பசி மழை வரைக்கும்தான் வேலை, தவறவிட்டால் அடுத்த வருடம்தான். முதல் தவணை வராமலே தெரிந்தவரிடம் கேமராவை வாடகை பாக்கி சொல்லி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நிதிக்காரர்களின் நாட்காட்டிக்கும் உப்பளத்து நாட்காட்டிக்கும் சம்பந்தமே இல்லை, இதை அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன்.

பணத்தைவிட உதவியாக இருந்தது கூடவே வந்த தயாரிப்பு ஆதரவுதான். உப்பளத்தில் மறைப்பே கிடையாது, கடற்காற்று மைக்கில் நேராக அடிக்கும், முதல் முறை எடுத்ததில் பேச்சு ஒன்றும் தேறவில்லை. ஒலிக் கருவி அனுப்புகிறோம் என்றார்கள். கஸ்டம்ஸில் மாட்டும், அதற்குப் பதில் இங்கே வடபழனியில் வாடகைக்கு எடுக்கிறோம், அந்தக் காசைத் தாருங்கள் என்று கேட்டோம், சரி என்றார்கள். ரஃப் கட்டுக்கு, அதாவது முதல் கட்டத் தொகுப்புக்கு, மணிலாவிலிருந்து ஒரு எடிட்டரை ஆலோசகராகக் கொடுத்தார்கள். அவர் மீனவர் படங்களில் வேலை செய்தவர், கூலி, முன்பணம், கடன் எதையும் விளக்கச் சொல்லவில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இவ்வளவு வெயிலில் நிற்கிற அம்மா வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்? அது எங்களிடம் இல்லை. தம்பி திரும்பப் போய் எடுத்தான், பின்னணிக் குரல் மொத்தத்தையும் தூக்கிவிட்டோம். ஆலோசகரை உங்கள் கடற்கரை மாதிரி ஒரு கடற்கரையிலிருந்து கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள்.

கடைசித் தவணைக்கான செலவுக் கணக்கு ஆடிட்டரிடம் இருக்கிறது. பேட்டாவுக்குக் கையெழுத்து வாங்கிய வவுச்சர் எல்லாம் தமிழில் இருப்பதால் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் கேட்டிருக்கிறார்கள், அதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் பட்ஜெட் தாள் வேண்டுமென்றால் கேளுங்கள், ஆட்களின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.