கடைசி இலக்கத்தில் பிரிந்த கணினிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் உப்பு எவ்வாறு பரவுகிறது என்பதைக் கணிக்கும் மென்பொருளுக்காக, எட்டு மேசைக் கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைத்து, லினக்ஸும், கணினிகள் தமக்குள் தரவைப் பரிமாற உதவும் ஓப்பன் எம்பிஐயும் நிறுவியிருந்தோம். ஆறு கணினிகள் பாவித்தவையாக வாங்கியவை; 2013இல் வெளிவந்த நான்காம் தலைமுறை கோர் ஐ5 செயலி கொண்டவை. மற்ற இரண்டும் புதிதாக வாங்கியவை. 2018இன் பென்டியம் கோல்ட் செயலி கொண்டவை. வலிகாமத்திலிருந்து கிழக்கே குடாநாட்டை எட்டுப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பட்டையைக் கொடுத்தோம்.

முதல் ஓட்டமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' (செயலி அறியாத கட்டளை) என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. தனித்தனியே ஓட்டிப் பார்த்த இளைய நிரலர், "அண்ணை, பழசு ஆறும் ஓடுது, புதுசு ரெண்டும்தான் விழுகுது" என்றார். புதியது பழையதைவிடக் குறைந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றாததால், நினைவகத்தை மாற்றி மாற்றிப் பொருத்தியே ஒரு நாளைச் செலவழித்தோம். பிறகுதான் பிழை தேடும் கருவியான ஜிடிபியில் நிரல் விழுந்த இடத்தைத் திறந்து பார்த்தேன்; அங்கே 'வி' என்ற எழுத்தில் தொடங்கும், பல எண்களை ஒரே நேரத்தில் கணிக்கும் ஏவிஎக்ஸ் வகைக் கட்டளை ஒன்று நின்றது. இரு வகைக் கணினிகளிலும் செயலியின் வசதிகளைப் பட்டியலிடும் சிபியுஇன்ஃபோ கோப்பின் 'ஃபிளாக்ஸ்' வரியை அருகருகே வைத்தபோது, பென்டியத்தில் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ (பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்வது) மூன்றுமே இல்லை. இன்டெல் அந்த வகைச் செயலிகளில் இவ்வசதிகளை வழங்கவில்லை. நாங்களோ கோர் ஐ5 கணினியில் 'மார்ச்=நேட்டிவ்' (தொகுக்கும் கணினியின் செயலிக்கே ஏற்றபடி தொகு) என்ற தெரிவுடன் தொகுத்து, அதே இருமக் கோப்பை எட்டுக்கும் பகிர்ந்திருந்தோம்.

ஜிசிசி தொகுப்பியின் 11ஆம் பதிப்பில் வந்த 'எக்ஸ்86-64-வி2' என்ற பொது மட்டத்துக்கு இறங்கித் தொகுத்ததும் எட்டும் ஓடின. சிக்கல் தீர்ந்தது என்றே நம்பினேன்.

சில மணி நேரத்துக்குப் பின் நிரல் பிழைச்செய்தி எதுவுமின்றி உறைந்தது. ஆறு கணினிகள் சுழற்சியை முடித்து வெளியேறியிருக்க, இரண்டு அடுத்த எல்லை மதிப்புக்காகக் காத்திருந்தன. நிறுத்த வேண்டிய வரம்பை ஒவ்வொரு கணினியும் தானே அடுக்குக்குறிச் சார்பால் கணித்துக்கொள்ளுமாறு எழுதியிருந்தது நான்தான். நிரலை நாங்கள் எந்த மட்டத்தில் தொகுத்தாலும், லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் கணித நூலகம் ஓடும் வேளையில் செயலியைப் பார்த்து, எஃப்எம்ஏ இருந்தால் அதற்கான வடிவத்தைத் தேர்கிறது. அது பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துச் செய்து, விடையை ஒரே முறை மட்டும் மட்டந்தட்டுவதால், விடையின் கடைசி இருமம் (பிட்) சில வேளைகளில் மாறும். அந்த ஓர் இருமத்தில்தான் ஆறு 'போதும்' என்றன, இரண்டு 'போதாது' என்றன. விழுந்த நிரல் தன் குறையைத் தானே காட்டியது. இந்தப் பிழையோ, ஒரே வகைக் கணினிகளில் ஓட்டியிருந்தால் பல ஆண்டுகள் மறைந்தே கிடந்திருக்கும்.

இப்போது முடிவை முதல் கணினி மட்டும் எடுத்து மற்றவற்றுக்கு அறிவிக்கிறது. அதிக நேரம் எடுக்கும் உட்சுழற்சியை மட்டும் ஜிசிசியின் 'டார்கெட் குளோன்ஸ்' வசதி வழியாக இரு வடிவங்களில் தொகுக்கிறோம். செயலிக்கு ஏற்றதை நிரலே தேர்ந்துகொள்கிறது. பென்டியம் இரண்டும் மற்றவற்றைக் காக்க வைப்பதால், அவற்றுக்கு ஒடுக்கமான பட்டைகளையே கொடுத்திருக்கிறோம்.