குளோபிடோக்ரெல் அப்பாவுக்குப் பலன் தருகிறதா? மரபணுப் பரிசோதனை எடுத்த அனுபவம்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் மாத்திரைகளில் பெரும்பாலும் குளோபிடோக்ரெல் இருக்கும். 76 வயது அப்பாவுக்கும் ஆஸ்பிரினோடு அதைத்தான் எழுதினார்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் இந்த இரண்டும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் குளோபிடோக்ரெல் விழுங்கியதுமே வேலை செய்யும் மருந்து அல்ல. கல்லீரலில் சில நொதிகள், முக்கியமாக சிஒய்பி2சி19, அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே செயல்படாது. நாள் தவறாமல் மாத்திரை போட்டாலும் அவர்களுக்குப் பாதுகாப்பு குறைவு.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. 2010இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தபோது, வெள்ளையரில் 100க்கு 2, கறுப்பினத்தவரில் 4, சீனரில் 14 என்று குறிப்பிட்டார்கள். புதுச்சேரி ஜிப்மரில் தமிழர்களிடம் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்விலும் சுமார் 14தான் வந்தது. இதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அடுத்த செக்கப்பில் கார்டியாலஜிஸ்டிடம் கேட்டேன். இந்த நொதிக்கான மரபணு டெஸ்ட் எல்லோருக்கும் தேவை என்று வழிகாட்டு நெறிகள் சொல்வதில்லை என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஸ்டென்ட் வைத்ததும் முக்கியமான குழாயில் என்பதையெல்லாம் யோசித்துவிட்டு, "சரி, எடுத்துப் பார்ப்போம்" என்று எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வரும்வரை எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ஒமிப்ரசோல் அதே நொதியைத் தடுக்கும் என்பதால், காஸ் மாத்திரையை மட்டும் அன்றே பான்டோபிரசோலாக மாற்றினார்.

லேபில்தான் அலைச்சல். கவுன்ட்டரில் இருந்தவர் இதய டெஸ்ட் பட்டியலில் தேடிவிட்டு இல்லை என்றார். மரபணு டெஸ்ட் பட்டியலில் பார்க்கச் சொன்னதும் கிடைத்தது. வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். சாம்பிள் வெளியூர் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் காத்திருந்தோம். நொதியைச் செயலிழக்க வைக்கும் ஸ்டார் 2, ஸ்டார் 3 என்ற இரண்டு மரபணு மாற்றங்களையும் பார்ப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் 'ஸ்டார் 2 / ஸ்டார் 2', அதற்குக் கீழே 'பூர் மெட்டபொலைசர்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதாவது அந்த நொதி வேலை செய்யாதவர். அப்பா கண்ணாடியைப் போட்டு அதைப் படித்துவிட்டு, "அப்போ இத்தனை நாள் போட்டது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

டாக்டர் உடனே டிகாகிரெலார் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். முதலில் 180 மில்லிகிராம், அப்புறம் காலையும் இரவும் 90. இதற்கு அந்த நொதியின் தயவு வேண்டாம். இன்னொரு மாற்று மருந்தான பிரசுக்ரெல் 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக ஏற்றதல்ல என்று தவிர்த்தார். மாற்றிய சில நாளில் அப்பாவுக்கு இரவில் மூச்சு வாங்கியது. எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். பதறிப்போய் எமர்ஜென்சிக்கு ஓடினோம். இசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருந்தன. டிகாகிரெலாரின் தெரிந்த பக்கவிளைவுதான் அது, போகப்போகக் குறைந்தது. இதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவைத்தால் எவ்வளவோ நல்லது.

அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, லேசான பக்கவாதம் வந்ததிலிருந்து குளோபிடோக்ரெல்தான். இங்கிலாந்தில் பக்கவாத நோயாளிகளுக்கு இந்த மருந்து தரும் முன் மரபணுவைப் பார்க்கச் சொல்லி 2024இல் பரிந்துரைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு இப்படி என்றால் தங்கைக்கும் அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். டெஸ்ட் எடுத்தால் 'ஸ்டார் 1 / ஸ்டார் 1', முழு நார்மல். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். நூற்றுக்கு 14 என்ற கணக்கு டாக்டரிடம் கேட்கும் துணிச்சலை எனக்குத் தந்தது. மருந்தை முடிவு செய்தது அவரவர் ரிப்போர்ட்தான். அத்தை அதே பழைய மாத்திரையைத் தொடர்கிறார்.