கியர் விழாத 407

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த வாரம், அப்பா எங்கள் டாடா 407 மினி லாரியைக் கொல்லையில் புளியமரத்தடியில் நிறுத்தினார். எங்கள் ஊர் அணைக்கட்டிலிருந்து ஒடுகத்தூர் போகிற ரோட்டை ஒட்டியது. இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம் என்றுதான் நிறுத்தினார். அப்புறம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன், எனக்கு ஓசூரில் வேலை. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிந்தது, இன்ஷூரன்ஸும் முடிந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய அந்த மழையையும் வண்டி அங்கேயே நின்றுதான் வாங்கிக்கொண்டது. ஐந்து வருடம் கழித்து நான் ஊரோடு திரும்பி வந்தபோது, இதை மறுபடி ஓட வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். 1998 மாடல் அது. என் படிப்புச் செலவு முழுக்க அந்த வண்டி சம்பாதித்தது.

இன்ஜின் பெரிதாகச் சிரமப்படுத்தவில்லை. பழைய டீசலை வடித்து, ஃபில்டர் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி (ஏர் எடுப்பது என்பார்கள்), புது பேட்டரி போட்டதும் நான்காவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. பிரேக்கை இரண்டு நாள் எடுத்து முதலில் சரி செய்தோம். கிளட்சில் கை வைக்கும் முன் பிரேக் நன்றாக இருந்தே ஆகவேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

கிளட்ச் பெடலை மிதித்தேன். சொதசொதவென்று அடிவரை போய் அங்கேயே நின்றுவிட்டது. காலால் தூக்கிவிட வேண்டியிருந்தது. இன்ஜின் ஓடும்போது கியர் போட்டால் கரகரவென்று பல் கடிக்கிற சத்தம். பார்க்க வந்த ஒருவர், கியர்பாக்ஸை இறக்கி பிளேட் செட்டை மொத்தமாக மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எஃப்.சி. இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகவும் முடியாது. அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கமான மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டேன்.

"தம்பி, மொதல்ல கீழ படுத்து ராடு எவ்ளோ நகருதுன்னு பாரு. பெடல வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் கிளட்சில் பெடல் மேலே இருக்கிற மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாகக் கீழே ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகிறது. ஸ்லேவில் இருக்கிற ராடு ஃபோர்க் என்கிற நெம்புகோலைத் தள்ளினால்தான் பிரஷர் பிளேட் விலகி, கிளட்ச் பிளேட் விடுபடும். ராடு நகரவில்லையென்றால் கோளாறு ஆயில் பக்கம். நன்றாக நகர்ந்தும் கியர் விழவில்லையென்றால் கோளாறு உள்ளே, பிளேட் பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

தங்கச்சி மகனைப் பெடலில் உட்கார வைத்துவிட்டு அடியில் படுத்தேன். ராடு மேல் சாக்பீஸால் ஒரு கோடு. "அழுத்திட்டேன் மாமா" என்றான். கோடு அசைந்ததா என்றே சந்தேகம். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 2 மில்லிமீட்டர்.

ஆயில் டப்பாவைத் திறந்தால் உள்ளே டிகாக்‌ஷன் நிறத்தில் கொஞ்சம், அடியில் சேறு. கிளட்சுக்கும் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். உறிஞ்சிய தண்ணீர் சும்மா இருக்காது, சிலிண்டருக்குள் துரு பிடிக்க வைக்கும்.

ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றினேன். தூசி மறைக்கும் ரப்பரை உரித்ததும் காவி நிறத்தில் களிமண் மாதிரி கொட்டியது. பிஸ்டன் வெளியே வரவே இல்லை. துணியைச் சுற்றி, வாய்ப்பக்கத்தை மரக்கட்டையைப் பார்த்துத் திருப்பி வைத்து, ட்யூபுக்குக் காற்றடிக்கிற கால் பம்பால் மெதுவாக அடித்தேன். எட்டாவது மிதியில் டொப்பென்று துணிக்குள் வந்து விழுந்தது. முகத்தை அதற்கு நேரே வைத்திருந்தால் பல் போயிருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினால், பிஸ்டன் ஐந்து வருடம் நின்ற இடத்தில் வளையமாகக் குழி. நகம் மாட்டியது. நகம் மாட்டுகிற குழியை எமரி போட்டுத் தேய்த்து எடுக்க முடியாது. தேய்த்தாலும் புது ரப்பரைக் கிழித்துவிடும். ஸ்லேவைப் புதிதாகவே வாங்கினேன். மாஸ்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்ததால் அதற்கு ரப்பர் கிட் மட்டும். இடையிலிருக்கிற ரப்பர் ஹோஸ் அமுக்கினால் வெடிப்பு தெரிந்தது, அதையும் மாற்றினேன்.

கழுவும்போது மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா "டேய், வேணாம்" என்று கத்தினார். மண்ணெண்ணெய், டீசல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் இந்த ரப்பர்கள் ஊதிப்போகும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவி, அதையே தடவிப் பூட்ட வேண்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டையும் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஏர் எடுப்பதில்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. ஸ்லேவில் காற்று வெளியேற இருக்கிற நிப்பிளில் உள்ளே தெரிகிற ட்யூப், அதன் மறுமுனை ஆயில் இருக்கிற பாட்டிலில் முங்கியிருக்கும். தங்கச்சி மகன் மிதித்துப் பிடிப்பான், நான் திறப்பேன், குமிழ் வந்ததும் மூடிவிட்டுக் குரல் கொடுப்பேன், அப்புறம்தான் அவன் காலை எடுக்க வேண்டும். இருபது முறைக்கு மேல் செய்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. பாய் மறுபடி ஒரு வழி சொன்னார். நிப்பிளை மூடிவிட்டு, ஸ்லேவ் ராடைக் கையால் உள்பக்கம் மெதுவாக அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். மேலே டப்பாவை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த பையன் "மாமா, பொங்குது!" என்று கூவினான். குழாயில் மாட்டியிருந்த காற்று தானாகவே மேலே ஏறி வந்துவிட்டது. ஐந்தாறு முறை அப்படிச் செய்ததும் பெடல் கெட்டியானது. ராடு 15 மில்லிமீட்டர் நகர்ந்தது.

சந்தோஷத்தோடு இன்ஜினை ஓட்டிக் கியர் போட்டேன். அதே கரகர.

அப்போது மனசு உடைந்துபோனது உண்மை. ஆனால் இந்த முறை கோளாறு எந்தப் பக்கம் என்று சந்தேகமே இல்லை. ராடு முழுசாக நகர்கிறது. ஆக, கிளட்ச் பிளேட் இன்ஜினோடு சுற்றுகிற ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று ராத்திரி பெடலை அடிவரை மிதித்து, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து விட்டுவிட்டேன். பல வண்டிகளில் இதுவே போதுமாம். எனக்குப் போதவில்லை.

மறுநாள் காலை டிராக்டர் கட்டி அறுவடை முடிந்த கழனிக்கு இழுத்துப் போனோம். முன்னால் ஒரு பர்லாங்குக்கு ஆள் இல்லை, மாடு இல்லை, கிணறும் இல்லை என்று நடந்தே பார்த்துவிட்டு வந்தேன். இன்ஜினை அரை மணி நேரம் ஓட விட்டு நன்றாகச் சூடாக்கி அணைத்தேன். இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே செல்ஃப் அடித்தேன். கிளட்ச் விடாததால் வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பியது. பிரேக் முதலில் என்று சொன்னது இதற்காகத்தான்: அப்போது வண்டியை நிறுத்த அதைத்தான் நம்ப வேண்டும். கிளட்ச் கால் மிதித்தபடியே இருக்க, ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு ஓட்டினேன். நடுநடுவே பிரேக்கை லேசாகத் தொட்டேன். மூன்றாவது சுற்றில் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமியது, வண்டி தானாக உருண்டு நின்றது. நியூட்ரலுக்கு எடுத்து, முதல் கியருக்குத் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது.

வரப்பில் நின்றிருந்த அப்பா முழங்கால் வலியோடு நடந்து வந்து கேபினில் ஏறினார். ஒன்றும் பேசவில்லை. கியர் குமிழின் மேல் கையை வைத்து, நான் கிளட்ச் மிதிக்க, அவரே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார்.

எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் லோடு இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய், வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு. முதல் வாரம் கிளம்பும்போது கொஞ்சம் உதறியது, துரு தேய்ந்ததும் நின்றுவிட்டது. ஃபோர்க் தள்ளுகிற ரிலீஸ் பேரிங் மட்டும் பெடல் மிதித்தால் இன்னும் விசிலடிக்கிறது. கிரீஸ் காய்ந்திருக்க வேண்டும். அதற்குக் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும். ஆடி மாதம் லோடு குறையும்போது பாயை வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்லேவின் தூசி ரப்பரை மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் விரலால் விலக்கிப் பார்க்கிறேன். உள்ளே ஆயில் கசியாமல் காய்ந்தே இருக்கிறது.